புளிப்பில்லாத காயைப் பாட்டிலில் அடைக்காதீர்கள்

தை மாதத்துப் பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு ஓர் அம்மா நான்கு கண்ணாடி பாட்டில்களைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மாடித் தோட்டத்து பீன்ஸும் காரட்டும். விரல் நீளத்துக்குச் சீராக நறுக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, அண்டாவில் கொதிக்கும் தண்ணீரில் முக்கால் மணி நேரம் வைத்து எடுத்ததாகச் சொன்னார். ஒவ்வொரு மூடியும் நடுவில் குழிந்து உள்வாங்கியிருந்தது. "ஆறும்போது 'டப்'பென்று சத்தம் கேட்டது மேடம். அந்தச் சத்தம் வந்துவிட்டால் ஒரு வருடம் கெடாது என்று வீடியோவில் சொன்னார்கள்" என்றார்.

ஐந்து வாரமாகச் சமையலறை அலமாரியில் இருந்தவை. தண்ணீர் கலங்கவில்லை. காரட்டின் நிறம்கூட அப்படியே இருந்தது. வகுப்பில் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். திறந்து ருசி பார்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சொன்னபோது என் குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

உணவுப் பதனீட்டைத் தொழிலாகக் கொண்ட நான், கெட்டுப்போன ஊறுகாயைக் கண்டு பயந்ததே இல்லை. பூஞ்சணம் பூக்கும், நாறும், கொட்டிவிடுவோம். அதோடு விஷயம் முடிந்தது. கெடாதது போல் இருக்கிற பாட்டில்தான் எனக்குப் பயம்.

கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணில் எங்கும் இருக்கிறது. மாடித் தொட்டியில் போடும் மண்ணிலும் தொழு உரத்திலும் இருக்கலாம். காரட், பூண்டு, உருளைக்கிழங்கு மாதிரி மண்ணுக்குள் விளைவனவற்றில் ஒட்டிக்கொண்டு வரலாம். காற்று இருக்கும் இடத்தில் அது வளராது, விதைபோல உறங்கும். ஸ்போர் என்று சொல்லும் அந்த உறக்க நிலையில் 100 டிகிரி கொதிநீர் அதை ஒன்றும் செய்வதில்லை. 121 டிகிரி வெப்பம் பாட்டிலின் நடுவில் இருக்கும் காய்வரை எட்டி, அங்கே சுமார் 3 நிமிடம் நிற்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் தண்ணீரை எத்தனை மணி நேரம் கொதிக்கவைத்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. ஊட்டியில் இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

ஆக, அந்த அம்மாவின் பாட்டிலில் நடந்திருக்கக்கூடியது இதுதான். கொதிநீர் மற்ற கிருமிகளைக் கொன்று, போட்டிக்கு ஆளில்லாமல் செய்துவிட்டது. மூடி உள்வாங்கியபோது காற்றும் போய்விட்டது. புளிப்பில்லாத காய், போதாத உப்பு, நம் ஊர் வெயிலின் வெதுவெதுப்பு. ஸ்போர் விழித்துக்கொள்ள இதைவிட வசதியான இடம் கிடைக்காது. விழித்து வளர்ந்தால் அது நரம்பைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சால் வருவதுதான் பாட்டுலிசம் என்ற நோய். அவர் நம்பிய 'டப்' சத்தத்துக்குக் காற்று வெளியேறிவிட்டது என்பது மட்டுமே பொருள். உள்ளே கிருமி செத்துவிட்டது என்று அது சொல்வதில்லை.

காயை அடைத்துக் கொதிக்கவைக்கும் முறையை பிரான்ஸின் நிக்கோலா அப்பேர் 1810இல் புத்தகமாக வெளியிட்டபோது, உணவு கிருமியால்தான் கெடுகிறது என்று யாருக்கும் தெரியாது. அவரை மன்னிக்கலாம். இன்றைக்கு வீடியோ போடுகிறவர்களை எப்படி மன்னிப்பது?

"நம் ஊரில் இதெல்லாம் வருமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்த நோய் அரிது, உண்மைதான். அரிதாக இருப்பதற்குக் காரணம் நம் பாட்டிமார்கள் பீன்ஸைப் பாட்டிலில் அடைக்கவில்லை என்பது. அவர்கள் ஊறுகாய் போட்டதெல்லாம் மாங்காய், எலுமிச்சை, நாரத்தை, நெல்லி. புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். அது 4.6க்குக் கீழே இருந்தால் பாட்டுலினம் வளராது. மேலே சொன்ன நான்கும் அதற்கு வெகு கீழே இருப்பவை. பீன்ஸ், காரட், பூண்டு, இஞ்சி, காளான், முருங்கைக்காய் எல்லாம் 5க்கு மேல். புளிக்காத காயை என்ன செய்தார்கள்? வெயிலில் போட்டு வத்தலாக்கினார்கள். இந்தப் பாகுபாட்டை யாரும் எழுதி வைக்கவில்லை, கைப்பழக்கமாகவே வந்தது. அதனால்தான் ஒரு வீடியோவில் அது காணாமல் போகிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்த புதிதில், அப்பாவுக்கு ரத்த அழுத்தம் என்று வடு மாங்காய்க்கு உப்பைப் பாதியாகக் குறைத்தேன். கிலோ வடுவுக்கு 150 முதல் 200 கிராம் கல் உப்பு போவது வழக்கம். ஜாடியைக் கழுவிக் காயவைத்தேன், வேடு கட்டினேன், தினமும் குலுக்கினேன். பதினைந்தாம் நாள் வடு கொழகொழத்து, தண்ணீரின் மேல் வெள்ளையாக ஆடை படர்ந்துவிட்டது. அம்மா திட்டவில்லை. "உப்பைச் சாப்பிடும்போது குறைத்துக்கொள், போடும்போது குறைக்காதே" என்றார். பட்டப்படிப்பில் எனக்கு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை. நீரில் உப்பு 10 விழுக்காட்டைத் தாண்டினால் பாட்டுலினமும் வளராது என்பதைப் பிறகு புத்தகத்தில் படித்தேன்.

பூண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உரித்த பூண்டை நல்லெண்ணெயிலோ ஆலிவ் எண்ணெயிலோ மூழ்கவைத்துச் சமையல் மேடையிலேயே வைத்துக்கொள்வது இப்போது பரவியிருக்கிறது. எண்ணெய் காக்கும் என்று நம்புகிறோம். எண்ணெய் காற்றைத் தடுக்கும், அதனால் பூஞ்சணம் வராது, அவ்வளவுதான். புளிப்பில்லாத பூண்டுக்கு அதே காற்றின்மைதான் ஆபத்து. கனடாவின் வான்கூவரில் 1985இல், எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் பயன்படுத்திய ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நோய் வந்தது. நம் பூண்டு ஊறுகாயில் எலுமிச்சைச் சாறோ புளியோ தாராளமாகப் போகிறது. அது சுவைக்காக மட்டும் இல்லை. "காரம் போதும், புளி குறைவாகப் போடுங்கள்" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லுங்கள். இன்னொன்று: எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பூண்டு சில நேரம் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். பதறிப்போய் எனக்குப் படம் அனுப்புகிறார்கள். அது பூண்டிலுள்ள கந்தகப் பொருள்களின் வேலை, தீங்கில்லை. வேடிக்கை என்னவென்றால், நல்லதைக் கொட்டிவிட்டு எண்ணெய்ப் பூண்டைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.

தக்காளி நடுவில் நிற்கிற காய். பழுத்ததைப் பொறுத்தும் ரகத்தைப் பொறுத்தும் அதன் பி.எச். 4.3 முதல் 4.9 வரை இருக்கும். புளிக்கும் நாட்டுத் தக்காளிதானே என்று நம்ப வேண்டாம். நசுக்கிய தக்காளியை ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் சேர்த்து, சூடாகவே அரை அங்குலம் இடம் விட்டு நிரப்பி மூடுங்கள். அரை லிட்டர் பாட்டிலுக்குக் கொதிநீரில், கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம் வரையுள்ள ஊர்களில் 35 நிமிடம், 900 மீட்டர் வரை 40, 1800 மீட்டர் வரை 45. 1800 மீட்டருக்கு மேல் இருக்கும் மலை ஊர்களில் 50 நிமிடம். அதில் வெங்காயம், பூண்டு, குடைமிளகாய் சேர்த்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது, புளிப்பு குறைந்துவிடும். சேர்த்தது குளிர்ப்பெட்டிக்குப் போகட்டும், சில நாளில் தீர்த்துவிடுங்கள். பி.எச். தாளை வைத்துச் சோதிக்கலாமே என்றால், மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் தாளையே சாயமேற்றிவிடும். விற்பனைக்குப் போடுகிறவர்கள் பி.எச். மீட்டர் வாங்கிக்கொள்வதுதான் சரி.

அடுத்து எப்போதும் வரும் கேள்வி, "குக்கரில் வைத்தால் 120 டிகிரி வருமே?" வரும். வெயிட் தூக்கும்போது உள்ளே ஏறத்தாழ அந்த வெப்பம்தான். ஆனால் விசில் வரும்போதெல்லாம் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அதைக் காட்ட அளவி இல்லை. சின்ன குக்கர் சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறிவிடுகிறது. பாட்டிலின் நடுவில் இருக்கும் காய்க்கு வெப்பம் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. அமெரிக்காவில் பாட்டில்களை வைத்துச் சூடாக்கவென்றே அழுத்தமானியோடு வரும் பெரிய குக்கரான கேனரும், ஒவ்வொரு காய்க்கும் சோதித்து வெளியிட்ட நேர அட்டவணையும் இருக்கின்றன. அங்கேயே 2015இல், ஓஹையோ மாநிலத்தின் லங்காஸ்டரில் தேவாலய விருந்து ஒன்றில் பரிமாறிய உருளைக்கிழங்கு சாலடால் 29 பேர் பாதிக்கப்பட்டு ஒருவர் இறந்தார். வீட்டில் பாட்டிலில் அடைத்த கிழங்கு அது. கேனரில் வைக்க வேண்டியதை வெறும் கொதிநீரில் வைத்திருக்கிறார்கள்.

நஞ்சு உடலில் ஏறினால் காய்ச்சல் வராது. பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்துக்குள் பார்வை இரண்டாகத் தெரியும், இமை தொங்கும், நாக்கு குழறும், விழுங்க முடியாது. பிறகு கை கால் தளர்ந்து மூச்சுத் தசைகள்வரை போகும். பக்கவாதம் என்று நினைத்துவிட வாய்ப்பு அதிகம். எனவே மருத்துவரிடம் போனதும், என்ன சாப்பிட்டீர்கள், எந்தப் பாட்டிலிலிருந்து என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். நஞ்சுமுறி மருந்து உண்டு. சீக்கிரம் கொடுத்தால்தான் பயன்.

அந்த நான்கு பாட்டில்களையும் திறக்காமலே இரண்டு பைகளில் கட்டி, நாயோ மாடோ கிளறாதபடி ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். அவருக்கு மனமே இல்லை. மூன்று மாத உழைப்பு. பீன்ஸைக் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த நீரில் ஆற்றி, ஈரம் துடைத்து உறைபெட்டியில் வைக்கலாம் என்றேன். "மின்தடை வந்தால்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பங்குனியில் மறுபடி வந்தார், கையில் ஒரே ஒரு பாட்டில். கொத்தவரங்காயை உப்புத் தண்ணீரில் வேகவைத்து நான்கு வெயில் காயவைத்தது. சூடு ஆறியபின் பாட்டிலில் போட்டு, ஒரு வாரம் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிகிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லியிருந்தேன். படிந்தால் திரும்ப வெயிலுக்குப் போக வேண்டும். மூன்றாம் நாள் லேசாகப் படிந்ததாம், இன்னொரு வெயில் வைத்தாராம். பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து ஒடித்தேன். 'படக்'கென்று ஒடிந்தது.