பெட்ரோல் அடித்த பிறகு வண்டி குலுங்கினால்

காரின் மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு நிலையாக எரிவது வேறு, விட்டு விட்டு மின்னுவது வேறு. நிலையாக எரிந்தால் வண்டியைப் பதமாக ஓட்டி அன்றோ மறுநாளோ பட்டறைக்குக் கொண்டு வரலாம். மின்னினால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். இது தெரியாமல் "வீடு வரைக்கும் போயிரலாம்" என்று ஓட்டி வந்து, சின்ன வேலையைப் பெரிய செலவாக்கிக்கொண்டவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெட்ரோல் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் காற்றும் பெட்ரோலும் கலந்து வந்து, பிஸ்டன் அதை அழுத்தி, பிளக் பொறி விட்டதும் எரிய வேண்டும். எரியாமல் தவறினால் அதுதான் மிஸ்ஃபயர். பட்டறையில் மிஸ்ஸிங் என்போம். இப்போது ஓடும் சின்னக் கார்களில் பல மூன்று சிலிண்டர் வண்டிகள். மூன்றில் ஒன்று வேலை செய்யாவிட்டால் ஸ்டீயரிங், சீட், கியர் லிவர் எல்லாம் ஆடும். சமதளத்தில் மெதுவாகப் போகும்போது தெரியாமல் இருந்துவிட்டு, மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போதோ பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றத்திலோ ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுக்காமல் வெட்டி வெட்டிப் போகும்.

எரியாத பெட்ரோல் எங்கே போகிறது? சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது. அதற்குள் இருப்பது நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி. சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸையும் தாண்டி ஏறிக்கொண்டே போனால் அது உருகி அடைத்துக்கொள்ளும். அப்புறம் புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் திணறும். மாற்றுவதென்றால் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். விளக்கு மின்னுவது இதற்கான எச்சரிக்கைதான்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் குலசேகரம், திருவட்டார், அருமனைப் பக்கம் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து, ரோட்டோரம் முழுக்கக் காய்ந்த சருகாகக் கிடக்கும். மிஸ்ஸிங்கோடு ஓடி வந்த வண்டியின் அடியில் கன்வெர்ட்டர் நெருப்பாய்ச் சுடும். அதைச் சருகின் மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். தரை வெறுமையாக இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

சரி, காரணத்துக்கு வருவோம். "நேத்து பெட்ரோல் அடிச்ச பொறவுதான் மக்ளே இப்படிக் கெடந்து ஆடுது, என்னத்தயோ கலந்து விட்டிருக்கான்" என்று சொல்லிக்கொண்டுதான் பாதிப் பேர் வருவார்கள். சில நேரம் அது உண்மை. பல நேரம் பெட்ரோலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. எல்லோரும் வாரம் ஒருமுறையாவது பெட்ரோல் அடிக்கிறோம். எந்தக் கோளாறு வந்தாலும் அதற்கு முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ பெட்ரோல் பங்குக்குப் போயிருப்போம்.

பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கடினமில்லை. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணை (பட்டறையில் கோடு என்போம்) படிக்கும் ஸ்கேனரைப் போட்டதும் பி0301, பி0302 என்று ஒரு குறிப்பிட்ட சிலிண்டரைக் காட்டினால் பெட்ரோலைக் குறை சொல்ல வேண்டாம். டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவானது. அது ஒன்றை மட்டும் கெடுத்துவிட்டு மற்றவற்றை விட்டுவைக்காது. அப்போது முதலாவது சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்போம். கோடு பி0301-இலிருந்து பி0302-க்கு மாறினால் காயில் போய்விட்டது என்று அர்த்தம். மாறாவிட்டால் பிளக், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், அதற்கு வரும் வயர், கடைசியாகக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். உங்கள் மெக்கானிக் இதைச் செய்யாமலேயே "டேங்க் இறக்கணும்" என்றால், எந்தக் கோடு வந்தது என்று கேளுங்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான், அவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பெட்ரோல் மேல் விழும் பழியில் பெரும்பகுதி இங்கே மூன்று விஷயங்களுக்குச் சேர வேண்டியது. முதலாவது வாட்டர் வாஷ். இன்ஜின் மேல் வேகமாகத் தண்ணீர் அடித்தால் பிளக் குழிக்குள் இறங்கி நிற்கும், பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துவிடும். கழுவிய அன்றோ மறுநாளோ மிஸ்ஸிங் வந்தால் காயிலைக் கழற்றிக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டாவது கடல் காற்று. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கத்து வண்டிகளில் காயில் கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். அந்தக் களிம்பைச் சுத்தம் செய்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும். மூன்றாவது எலி. தென்னந்தோப்புக்கு நடுவே வீடு, பக்கத்தில் தேங்காய் போட்டு வைக்கும் கொட்டகை, அதை ஒட்டிக் கார் ஷெட் என்றால் இன்ஜெக்டர் வயரை எலி கடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இனி உண்மையிலேயே பெட்ரோல் கெட்டிருக்கும் நேரம். அதன் அடையாளம் வேறு மாதிரி இருக்கும். பங்கிலிருந்து கிளம்பிச் சில கிலோமீட்டருக்குள் ஆரம்பிக்கும். ஸ்கேனரில் பி0300 வரும், அதாவது குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் மாறி மாறித் தவறுகிறது. ஸ்டார்ட் ஆகி உடனே ஆஃப் ஆகும். அதே பங்கில் அன்று அடித்த வேறு வண்டிகளுக்கும் அதே தொல்லை இருக்கும்.

கலப்படம் என்றதும் எல்லோரும் மண்ணெண்ணெயைத்தான் நினைக்கிறார்கள். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன், அதாவது அழுத்தும்போது தானாக வெடிக்காமல் தாங்கும் திறன், குறையும். மிஸ்ஸிங்கைவிட, ஏற்றத்தில் இன்ஜின் டக்டக்கென்று தட்டுவதும் புகையும்தான் அதில் முன்னால் தெரியும். நான் அதைவிட அதிகம் பயப்படுவது தண்ணீருக்கு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை ஏதாவது ஒரு மழை இருக்கும். பங்கில் பெட்ரோல் இருப்பது தரைக்கு அடியில் உள்ள தொட்டியில். மேல்மூடியின் வாஷர் கெட்டிருந்தால், முற்றத்தில் தேங்கும் மழைநீர் உள்ளே இறங்கிவிடும். 2021 நவம்பரில் வந்தது போன்ற வெள்ளத்துக்குப் பிறகு, தண்ணீர் தேங்கி நின்ற பங்குகளில் சில நாள் அடிக்காமல் இருப்பது நல்லது.

இதில் பெட்ரோலோடு கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹால் என்ன செய்கிறது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெறும் பெட்ரோலில் தண்ணீர் கலக்காது, அடியில் தங்கிவிடும். எத்தனால் அப்படியில்லை, தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். நம் நாட்டில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்தது, இப்போது பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் இந்தக் கலவை அதைத் தாங்கிக்கொள்ளும், வண்டியும் ஓடிவிடும். அளவு மீறினால்தான் சிக்கல். 10 சதவீதக் கலவை ஏறக்குறைய அரை சதவீதத் தண்ணீரைத் தாங்கும். 35 லிட்டர் டேங்க்குக்கு அது 175 மில்லி, ஒரு டீ கிளாஸை விடக் கொஞ்சம் கூடுதல். 20 சதவீதக் கலவை இன்னும் சற்று அதிகம் தாங்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து டேங்க்கின் அடிக்குப் போய்விடும். ஃப்யூயல் பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். முதல் உறிஞ்சலிலேயே எரியாத திரவம் எல்லா இன்ஜெக்டருக்கும் போகும். மேலே மிச்சம் நிற்கும் பெட்ரோலும் எத்தனாலை இழந்ததால் ஆக்டேன் குறைந்துதான் இருக்கும். அதனால் அந்த டேங்க்கில் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், முழுவதையும் இறக்கிவிடுங்கள்.

மாதிரி எடுத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். ஃப்யூயல் லைனைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, பம்ப் தள்ளும் பெட்ரோலைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து அரைமணி நேரம் ஆடாமல் வைப்போம். நல்ல பெட்ரோல் என்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே தெளிவாக இருக்கும். தண்ணீர் கலந்ததில் முதலில் லேசாகப் பால் கலந்தாற்போல ஒரு மங்கல். பிறகு நடுவே ஒரு கோடு விழுந்து, அதற்குக் கீழே உள்ளது மட்டும் தனியாகப் புரளும். குடுவையைச் சாய்த்தாலும் அந்தக் கோடு சமமாகவே நிற்கும். இதை வீட்டில் செய்ய வேண்டாம். லைனில் அழுத்தம் இருக்கும், ஆவி தீப்பிடிக்கும். பட்டறையில் உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலில் பிடிப்பதும் கூடாது.

ஃபோனில் சுற்றும் ஒரு வீடியோவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஊற்றியதைவிட அதிகமாக அடியில் நிற்பதைக் காட்டி "பாருங்கள், எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறார்கள்" என்பார்கள். 100 மில்லி பெட்ரோலில் 10 மில்லி தண்ணீர் ஊற்றினால், அதிலுள்ள 20 மில்லி எத்தனாலும் தண்ணீரோடு இறங்கி 30 மில்லியை ஒட்டி நிற்கும். சட்டப்படி கலக்கப்பட்ட எத்தனால்தான் அது, கலப்படம் இல்லை. இந்த வீடியோவை நம்பிப் பங்கில் போய்ச் சண்டை போட்டால் உண்மையான புகாருக்கும் மதிப்பு போய்விடும்.

எத்தனால் என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் அதற்கேற்றபடிதான் தயாராகின்றன. அதில் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். பழைய வண்டிகளில் டேங்க்கில் படிந்த அழுக்கை இளக்கி ஃபில்டருக்குக் கொண்டு வரும், ரப்பர் குழாய்களையும் பாதிக்கலாம். பதினைந்து வருஷ வண்டி வைத்திருப்பவர்கள் ஃபில்டரையும் குழாயையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பங்கில் உங்களுக்கு இருக்கும் உரிமைகள் பலருக்குத் தெரிவதில்லை. ஃபில்டர் பேப்பர் கேட்டால் தர வேண்டும். நாஸிலைத் துடைத்து ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் ஆவியாக வேண்டும். எண்ணெய்க் கறை நின்றால் மண்ணெண்ணெயோ டீசலோ கலந்திருக்கச் சந்தேகம். ஆனால் இந்தச் சோதனை தண்ணீரைக் காட்டாது. அடர்த்தி பார்க்கச் சொல்லலாம்: 15 டிகிரிக்குத் திருத்திய அளவு, பதிவேட்டில் இருப்பதிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகக் கூடாது. தண்ணீரைப் பார்க்கத் தொட்டிக்குள் இறக்கும் அளவுகோலின் நுனியில் ஒரு பேஸ்ட் தடவுவார்கள், தண்ணீர் பட்டால் நிறம் மாறும். எத்தனால் பெட்ரோலுக்கென்று தனிப் பேஸ்ட் உண்டு. மழைக்காலத்தில் சந்தேகம் வந்தால் இதைத்தான் கேட்க வேண்டும்.

பெட்ரோல்தான் காரணம் என்று தெரிந்தால், டேங்க்கைச் சுத்தம் செய்வதற்கு முன்பே புகார் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் வண்டியைச் சரி செய்து, பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, மூன்று நாள் கழித்துப் பில்லும் இல்லாமல் போய் நிற்கிறார்கள். அப்போது யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. பெட்ரோல் அடித்ததும் பில்லைக் கேட்டு வாங்குங்கள், ஃபோனில் பணம் அனுப்பினால் அந்தப் பதிவே நேரத்தைச் சொல்லும். ஸ்கேனரில் வந்த கோடைப் படம் எடுங்கள். மாதிரியை இரண்டு குடுவையில் மூடி, தேதி எழுதி, பட்டறையிலேயே பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். அன்றே பங்கின் புகார்ப் புத்தகத்தில் எழுதி, அங்கே பலகையில் இருக்கும் எண்ணெய் நிறுவன விற்பனை அதிகாரியின் எண்ணுக்கும் பேசுங்கள். உங்கள் குடுவை முடிவான சான்று ஆகாது, அதிகாரிகள் நாஸிலிலிருந்து தாங்களே மாதிரி எடுப்பார்கள். லாரியிலிருந்து இறக்கும்போது எடுத்து சீல் வைத்த மாதிரியும் பங்கிலேயே இருக்கும். தொட்டியில் அடுத்த லோடு விழுந்துவிட்டால் இரண்டையும் ஒப்பிட வழியில்லை. அதனால்தான் அன்றே என்று அழுத்திச் சொல்கிறேன். அங்கே கவனிக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

வேலை என்று பார்த்தால் டேங்க்கை இறக்கிக் கழுவி, லைனை வெளியேற்றி, ஃபில்டர் மாற்றி, நல்ல பெட்ரோல் விட்டு, பிளக்கைக் கழற்றிக் காயவைத்து ஓட்டினால் பெரும்பாலும் போதும். இன்ஜெக்டர் கிளீனிங் அதன் பிறகும் தேவைப்பட்டால் மட்டும். தண்ணீர் விழுந்த டேங்க்கில் அடிட்டிவ் பாட்டில் ஊற்றுவதோ, விலை கூடிய 95 ஆக்டேன் பெட்ரோலை மேலே அடிப்பதோ வீண் செலவு. அடியில் நிற்கும் தண்ணீரை அது எடுக்காது. பங்கில் ஆள் தவறி டீசல் அடித்துவிட்டால் சாவியையே போடாமல் தள்ளி நிறுத்துங்கள், அப்போது டேங்க்கோடு வேலை முடிந்துவிடும்.

எங்கே அடிப்பது என்று கேட்பார்கள். விற்பனை அதிகமுள்ள பங்கில் அடியுங்கள். கேரளத்தைவிட இங்கே விலை குறைவு என்பதால் களியக்காவிளையில் எல்லை தாண்டி வந்து வரிசையில் நிற்கிறார்கள். அப்படி வேகமாகத் தீரும் இடத்தில் பெட்ரோல் நாட்கணக்கில் தங்காது. லாரி நின்று லோடு இறக்கிக்கொண்டிருந்தால் மட்டும் அடுத்த பங்குக்குப் போங்கள், அடியில் படிந்தது கலங்கி மேலே வரும்.

கடைசியாக, வளைகுடாவில் வேலை பார்ப்பவர்களின் வண்டிகள். வருஷத்தில் ஒரு மாதம் ஓடி, மீதி மாதம் ஷெட்டில் நிற்கும் கார்கள் நம் ஊரில் ஏராளம். பாதி காலியான டேங்க்கில் காற்று இருக்கும், மழைக்காலத்து ஈரம் அதில் படிந்து எத்தனாலில் சேரும். பெட்ரோலின் லேசான பகுதியும் மெல்ல ஆவியாகும். வளைகுடாவுக்குத் திரும்பும் முன் டேங்க்கை நிறைத்து வைத்துவிட்டுப் போங்கள். மாதம் இரண்டு தடவையாவது வீட்டில் யாராவது நாகர்கோவில் வரைக்கும் ஓட்டிவிட்டு வரட்டும். ஷெட்டுக்குள் நிறுத்தியபடியே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைப்பதால் பிளக்கில் கரிதான் பிடிக்கும். ஆறு மாதத்துக்கு மேல் ஓடாமல் நின்றிருந்தால், ஊர் வந்து இறங்கிய அன்றே சாவியைப் போடாமல் மெக்கானிக்கை வரச் சொல்லி, பானெட்டைத் திறந்து வயரையும், டேங்க்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.