உயிரிவழிச் சீராக்கம்

அயர்லாந்திலும் இங்கிலாந்தின் கிராமப்புறங்களிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் பல வீடுகளில் ஓர் எண்ணெய்த் தொட்டி இருக்கும். தோட்டத்து மூலையிலோ நிலவறையிலோ நிற்கும். வீட்டைச் சூடாக்கும் கொதிகலனுக்கு அதிலிருந்துதான் எண்ணெய் போகும். மண்ணெண்ணெய் அல்லது டீசல் வகை. குளிர்காய மூட்டும் தீக்குக் கணப்பு என்ற பெயர் நம்மிடம் இருப்பதால், இதைக் கணப்பு எண்ணெய் என்றே எழுதுகிறேன். தொட்டி துருப்பிடித்தோ குழாய் விரிசல் விட்டோ அது தரைக்குள் இறங்கிவிட்டால், வீடு முழுக்க வாடை. குடியிருப்பதே கஷ்டம். அப்போது சுத்தம் செய்ய வருகிறவர்கள் சொல்லும் வழிகளில் ஒன்றுதான் பயோரெமிடியேஷன், அதாவது நுண்ணுயிர் போன்ற உயிரிகளைக் கொண்டு மாசை நீக்குவது. இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

‘பயோ’ கிரேக்கச் சொல். உயிர், வாழ்வு என்று பொருள். ‘ரெமிடியேஷன்’ இலத்தீனிலிருந்து வந்தது. அங்கே ‘ரெமேதியும்’ என்றால் மருந்து. அதற்குள் இருப்பது குணப்படுத்துவதைக் குறிக்கும் ‘மெதேரி’ என்ற வினை. மெடிசின் என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். ஆக, இது கழுவித் துடைக்கும் வேலைக்கு வைத்த பெயர் அல்ல, வைத்தியத்துக்கு வைத்த பெயர். தமிழ்ச் சொல் தேடும்போது இதை விட்டுவிடக் கூடாது என்பது என் கட்சி.

வைத்தியம் செய்பவை நுண்ணுயிர்கள். சூடோமோனஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு எண்ணெயிலுள்ள ஹைட்ரோகார்பன் உணவு. அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும். மண்ணில் இவை ஏற்கெனவே இருக்கின்றன. காற்று, ஈரம், மிதமான சூடு, கொஞ்சம் நைட்ரஜனும் பாஸ்பரசும் கிடைத்தால் போதும், பெருகிவிடும். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி ஏறக்குறைய 1.1 கோடி கேலன் கச்சா எண்ணெய் கொட்டியபோது, கரையோரங்களில் தெளித்தது உரம்தான். அங்கேயே இருந்த நுண்ணுயிர்களுக்குத் தீனி.

கட்டடத்துக்குள் விஷயம் வேறு. மோட்டார் ஷெட்டின் சிமென்ட் தரையைப் பார்த்திருப்பீர்கள். சிந்திய டீசலை எத்தனை முறை துடைத்தாலும், வெயில் ஏறியதும் அதே இடம் மறுபடி கருத்து மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் எண்ணெய் உட்கார்ந்திருக்கிறது. அந்தத் துளைகள் நுண்ணுயிர்களுக்கு ஏற்ற இடமல்ல. கான்கிரீட் சுண்ணாம்பு போலக் காரத்தன்மை மிகுந்தது, உலர்ந்தது, காற்று புகாதது. மேலே பாக்டீரியாக் கரைசலைத் தெளித்து ஒரு வாரத்தில் வீடு சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலில் கசிவை அடைக்க வேண்டும், தேங்கிய எண்ணெயை உறிஞ்சி எடுக்க வேண்டும், ஊறிப்போன பலகையையும் பூச்சையும் பெயர்க்க வேண்டும். அப்புறம்தான் இந்த முறையின் முறை வரும், அதுவும் தரைக்கு அடியிலுள்ள மண்ணுக்கு. தோண்டினால் அஸ்திவாரம் ஆடிப்போகும் என்ற இடத்தில் இது கைகொடுக்கும். தளத்தில் துளையிட்டுக் குழாய் இறக்கி, காற்றையும் சத்துக் கரைசலையும் செலுத்தி, மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். குளிர்காலத்தில் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும், காத்திருப்பு நீளும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘உயிரியல் தீர்வு’ வேண்டாம். உயிரியல் என்பது ஒரு படிப்பின் பெயர். இங்கே வேலை செய்வது படிப்பு அல்ல, உயிரி. ‘உயிரித் தீர்வு’ கிட்டத்தட்டச் சரி. நோய் தீர்த்தல், பிணி தீர்த்தல் என்ற வழக்கில் வைத்தியப் பொருள் அதற்கு உண்டு. ஆனால் இன்றைய காதுக்குத் தீர்வு என்றால் கணக்கின் விடை, பிரச்சினையின் முடிவு. ‘உயிரிவழித் தூய்மையாக்கம்’ எளிதில் புரியும், ஆனால் வைத்தியம் தொலைந்துபோகிறது. மேலும், துடைத்தால் எண்ணெய் துணிக்கு இடம் மாறும், அவ்வளவுதான். இங்கோ அது இருந்த இடத்திலேயே எண்ணெயாக இல்லாமல் போகிறது.

நான் தேர்வது உயிரிவழிச் சீராக்கம். காய்ச்சல் விட்டதும் ‘உடம்பு சீராயிற்று’ என்கிறோமே, அந்தச் சீர். மண்ணுக்கும் அது பொருந்தும். செடிகளை வைத்துச் செய்தால் தாவரவழிச் சீராக்கம், பூஞ்சையை வைத்துச் செய்தால் பூஞ்சைவழிச் சீராக்கம் என்று குடும்பமாகவும் வளரும்.

கணப்பு எண்ணெய் நம் ஊரில் இல்லைதான். ஆனால் 2013இல் சென்னை தண்டையார்பேட்டை வீடுகளின் ஆழ்துளைக் கிணற்றில் டீசல் வந்தது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணற்று நீரில் கழிவு எண்ணெய் கலந்தது. வாளியில் தண்ணீர் மொண்டு முகர்ந்து பார்த்தவர்களுக்கு, அந்த மண்ணுக்கு என்ன வைத்தியம் செய்யலாம் என்பது அவர்கள் மொழியிலேயே தெரிய வேண்டும். வாக்கியத்தில் இப்படி எழுதலாம்: “தரையைப் பெயர்த்து மாற்றியாயிற்று, அடியிலுள்ள மண்ணுக்கு உயிரிவழிச் சீராக்கம் நடக்கிறது.”