ப்ரூச்சின் முதுகைத் தேய்க்காதீர்கள்

இங்கிலாந்தில் உலோகத் தொல்பொருள்களைப் பதப்படுத்துவது என் வேலை. போன வருடம் ஒருவர், தன் வயலில் மெட்டல் டிடெக்டரில் மாட்டிய, ஆங்கிலேயரின் மூதாதையரான ஆங்கிலோ-சாக்சன் மக்களின் ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் ஊசி அணி) ஒன்றை எலுமிச்சைச் சாறு ஊற்றி டூத்பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தார். முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்குப் பேச்சே வரவில்லை.

அது 6ஆம் நூற்றாண்டின் சதுரத்தலை ப்ரூச். செம்புக் கலவையில் வார்த்து, பாதரசத்தில் குழைத்த தங்கத்தைப் பூசி, சூடுகாட்டிப் பாதரசத்தைப் போக்கி முலாம் ஏற்றிய வேலை. 1,400 வருடம் மண்ணில் கிடந்தால் முலாமுக்கு அடியில் செம்பு பச்சையாகப் பூத்துவிடும். பல இடங்களில் தங்கம் அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். எலுமிச்சை அந்தப் பச்சையைக் கரைத்துவிடும்.

முன்பக்க அலங்காரம் முதலில் வெறும் கோட்டுக் குழப்பமாகத்தான் தெரியும். கண்ணைத் தேடுங்கள், அப்புறம் தாடை, தொடை, நகம் என்று துண்டு துண்டாக ஒரு விலங்கு வெளியே வரும். சிலவற்றில் மனித முகம் போலத் தெரிவதே பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு விலங்குத் தலைகள். இந்த விளையாட்டு முழுக்க அரை மில்லிமீட்டர் விளிம்புகளில் நடக்கிறது. பிரஷ்ஷுக்கு அது தெரியுமா?

ஆனால் எனக்கு வயிற்றெரிச்சல் முன்பக்கத்துக்காக அல்ல. பின்னாலிருக்கும் இரும்பு ஊசி துருப்பிடிக்கும்போது, ஒட்டியிருந்த துணியின் நூலுக்குள் துரு இறங்கி, நூல் மக்கினாலும் நெசவு அப்படியே அச்சாக நின்றுவிடும். அந்தக் காலத்து ஆங்கிலேயப் பெண்கள் உடுத்திய துணியைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்தத் துருவில் படித்ததுதான்.

அதிகம் பளபளத்தாலும் சங்கடம். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஐம்புலன்களையும் உருவங்களாகச் செதுக்கிய ஃபுல்லர் ப்ரூச் இருக்கிறதே, 9ஆம் நூற்றாண்டு வெள்ளி வேலை, அது இவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறதே என்றே பல காலம் போலி என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். பள்ளங்களில் நிரப்பிய நியெல்லோ என்ற கறுப்பு உலோக-கந்தகக் கலவையைச் சோதித்த பிறகுதான் மானம் தப்பியது.

கிடைத்தால் மண்ணோடு ஒரு டப்பாவில் வையுங்கள், துடைக்கவும் வேண்டாம், எடுத்த இடத்தைக் குறித்துவையுங்கள். 300 வருடத்துக்கு மேல் பழையது, தங்கமோ வெள்ளியோ 10 சதவீதமாவது இருக்கிறது என்றால், 14 நாளுக்குள் கரோனரிடம் சொல்லியாக வேண்டும். ஆமாம், சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதே அதிகாரிதான்!

அந்த மனிதர் மறுநாள் டூத்பிரஷ்ஷையே எடுத்துக்கொண்டு வந்தார், ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். பச்சைத் தூள், நாலைந்து பொன் துகள். நூல் எதுவும் இல்லை.