டிக்கெட் என்றால் பயணச்சீட்டா?

"உங்கள் பயணச்சீட்டு மூடப்பட்டது." பிரின்டர் ஓடவில்லை என்று ஐ.டி. பிரிவுக்கு எழுதிப் போட்டவருக்கு மென்பொருள் தமிழில் அனுப்பும் பதில் இது. இப்படி எழுதிப் போட்டு எண் வாங்கும் குறிப்பை ஆங்கிலத்தில் 'டிக்கெட்' என்கிறார்கள். அதுதான் இங்கே பயணச்சீட்டு. எந்த ஊருக்குப் பயணம்? இன்னொரு மென்பொருளில் இதே இடத்தில் 'நுழைவுச்சீட்டு'. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

ஒட்டுவதுதான் டிக்கெட் என்ற சொல்லின் வேரும். பழைய பிரெஞ்சில் ஒட்டிவைக்கும் துண்டுக் குறிப்பு. நாகரிக நடைமுறையைக் குறிக்கும் எட்டிகெட் என்பதும் இதன் உடன்பிறப்பு. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் சிறு குறிப்பு என்றே பொருள். பயணமெல்லாம் அப்புறம் சேர்ந்தது. தொலைபேசி நிறுவனங்களில் பழுதை அட்டையில் எழுதிக் கைமாற்றினார்கள். அந்த வழக்கம் கணினிக்கு வந்தது. 1992 ஜனவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 1297 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் இத்தகைய அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று விவரிக்கும்போது, நோயாளியின் மருத்துவமனைக் குறிப்பேட்டை உவமையாகச் சொல்கிறது. நம்மூர் அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டேதான்! ஒருவர் எழுதியதை அடுத்தவர் படித்து வைத்தியத்தைத் தொடர்கிறார். ஆகவே 'சீட்டு' போதும். தனித்துக் காட்ட வேண்டுமானால் 'உதவிச்சீட்டு'.

இதைச் சொன்னால் உடனே 'புகார்' என்று ஒரு கட்சி கிளம்பும். எளிய சொல், எல்லாருக்கும் புரியும் என்பார்கள். புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கடவுச்சொல்லை மாற்றித் தரக் கேட்பது புகாரா? புதிதாகச் சேர்ந்தவருக்கு மடிக்கணினி கேட்பது யார் மேல் புகார்? ஐ.டி. சேவையை எப்படி நடத்துவது என்று சொல்லும் ஐ.டி.ஐ.எல். நெறிமுறையே பழுதையும் சேவைக் கோரிக்கையையும் இரண்டாகப் பிரிக்கிறது. இந்தச் சீட்டுகளைக் கையாளும் ஓ.டி.ஆர்.எஸ். மென்பொருளின் பெயர் விரிவு 'ஓப்பன் டிக்கெட் ரிக்வெஸ்ட் சிஸ்டம்'. அதில் இருப்பது கோரிக்கைதான். அப்படியானால் 'கோரிக்கை' என்றே வைக்கலாமே என்றால், கோரிக்கை சீட்டின் உள்ளே இருப்பது. எண் போட்டுக் கைமாறுவது சீட்டு. தவிர, புகார் என்றால் காவல் நிலையம் நினைவுக்கு வரும். எழுதுகிறவர் தயங்குவார், வாங்குகிறவர் முறைப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, "உங்கள் புகார் மூடப்பட்டது" என்று வந்தால் அமுக்கிவிட்டார்கள் என்றுதானே நினைப்போம்?

அந்த 'மூடப்பட்டது' தனிக் கொடுமை. வேலை 'முடிந்தது'. முடியாததைத் 'திறந்திருக்கும் சீட்டு' என்கிறார்கள். அலுவலகங்களில் 'நிலுவை' என்ற அருமையான சொல் காலங்காலமாகக் கிடக்கிறது. ஆங்கிலத்தின் 'ரெய்ஸ்' என்பதை அப்படியே பெயர்த்து 'சீட்டை எழுப்பு' என்றும் பார்த்தாயிற்று. தூங்கினால்தானே எழுப்ப? 'டிக்கெட் போடு' என்று பேசுகிறவர்களுக்குச் 'சீட்டுப் போடு' தானாக வரும்.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் திட்டிப் பயனில்லை, சரி. அவருக்குப் போவது திரை தெரியாத வெறும் சொற்பட்டியல். மொழிபெயர்ப்புக்குப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் கோப்பில், சொல் வரும் சூழலைக் குறிக்க 'எம்.எஸ்.ஜி.சி.டி.எக்ஸ்.டி.' என்று ஓர் இடம் இருந்தும் நிரலர்கள் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

மொழிபெயர்க்கவே கூடாத இடமும் உண்டு. ஓ.டி.ஆர்.எஸ்.ஸில் மின்னஞ்சல் தலைப்பில் 'டிக்கெட்#' என்ற அடையாளமும் எண்ணும் ஆங்கில எழுத்தில் வரும். அந்த அடையாளத்தைத் தீர்மானிக்கும் செட்டிங்கின் பெயர் ஹூக். பதில் மடலைத் தலைப்பை மட்டும் பார்த்துப் பழைய சீட்டோடு சேர்க்கும்படி வைத்திருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் ஹூக்கைத் தமிழாக்கியதும் பழைய அடையாளத்தோடு வரும் பதிலெல்லாம் புதுச் சீட்டாக முளைக்கும். உடனே நேற்று நிறுவிய நீட்சியின் மேல் பழி போட்டு அதைக் கழற்றுவார்கள். முதலில் ஹூக்கைப் பாருங்கள். அதில் யாராவது 'பயணச்சீட்டு#' என்று போட்டிருந்தால் பழையபடி மாற்றுங்கள். தமிழ் திரையில் இருந்தால் போதும்.