தள்ளினால் ஒன்று, இழுத்தால் ஒன்று

ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் வருவது ஒரே ஸ்வரம். அயர்லாந்தின் மரபிசைக்காரர்கள் வாசிக்கும் பொத்தான் அக்கார்டியனில் ஒரே பொத்தானைப் பிடித்தபடி துருத்தியைத் தள்ளினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் வேறு ஸ்வரம். பொத்தானுக்கு உள்ளே குறைந்தது ஓர் அலுமினியத் தகடு இருக்கும். அதில் இரண்டு துளைகள். ஒன்றின் மேல்புறமும் மற்றதன் அடிப்புறமும் ஒவ்வொரு எஃகு ரீடு, அதாவது காற்றில் அதிர்ந்து ஒலி தரும் மெல்லிய நாக்கு. காற்று தன் பக்கமிருந்து துளைக்குள் தள்ளும்போதுதான் ரீடு அதிரும். எதிர்த்திசையில் வரும் காற்று வீணாகாதபடி ஒரு மெல்லிய தோல் வார் துளையை மூடிக்கொள்ளும்.

இன்று அங்கே அதிகம் புழங்கும் வகை பி/சி. பி, சி என்பவை மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள்: பொத்தான்களின் வெளி வரிசை பி ஸ்கேலுக்கும் உள் வரிசை சி ஸ்கேலுக்கும் உரியது. இரண்டுக்கும் அரை ஸ்வர வித்தியாசம். வேடிக்கை என்னவென்றால், ஐரிஷ் மெட்டுகள் பெரும்பாலும் டி அல்லது ஜி ஸ்கேலில்தான் இருக்கும். டி வரிசையே இல்லாத பெட்டியில் டி மெட்டு! டிப்பரரியைச் சேர்ந்த பேடி ஓ'பிரையனின் 1954 இசைத்தட்டுகள்தான் இந்த முறையைப் பரப்பின.

டி ஸ்கேலை வாசித்துப் பார்த்தால் விஷயம் புரியும். டி உள் வரிசையில் இழுப்பு. எஃப் ஷார்ப் (எஃப்-க்கு அரை ஸ்வரம் மேல்) வெளி வரிசையில் தள்ளு, ஜி உள் வரிசையில் தள்ளு. ஏ, பி இரண்டும் உள் வரிசையில் இழுப்பு, சி ஷார்ப் வெளி வரிசையில் இழுப்பு, மேல் டி மறுபடி இழுப்பு. இ இரண்டு விதமாகவும் கிடைக்கும்: உள் வரிசையில் தள்ளு, வெளி வரிசையில் இழுப்பு. பி-யும் அப்படித்தான், வெளி வரிசையில் தள்ளினாலும் வரும்.

குருவில்லாமல் காதால் கேட்டுக் கற்பவர் சிக்குவது இங்கேதான். கைக்கு முதலில் அகப்பட்ட பொத்தானையே பழக்கமாக்கிக்கொள்வார். எட்டில் ஐந்து இழுப்பு என்பதால், நாலு பார் (தாளச் சுற்று) போவதற்குள் துருத்தி முழுக்க விரிந்து மெட்டு பாதியில் நிற்கும். மருந்து இரண்டு. ஸ்வரம் எழுப்பாமல் காற்றை மட்டும் விடும் காற்றுப் பொத்தானை இடது கட்டைவிரலால் அரை நொடி திறந்து, ஒரு தள்ளு ஸ்வரம் ஒலிக்கும்போதே துருத்தியைச் சுருக்குவது ஒன்று. இ, பி இரண்டையும் தள்ளிலும் எடுக்கப் பழகுவது மற்றது. இரண்டாவதைத் தள்ளிப்போட்டவர்கள் பிறகு விரலை மாற்றப் படும் பாடு கொஞ்சமல்ல.

இந்த அமைப்பின் அழகு ரோல் என்ற அலங்காரத்தில் தெரியும். நம் கமகத்துக்குத் தூரத்து உறவு: ஸ்வரம், மேல், ஸ்வரம், கீழ், ஸ்வரம் என்று ஐந்து தட்டல். எஃப் ஷார்ப் ரோலுக்கு வேண்டிய எஃப் ஷார்ப், ஜி, இ மூன்றுமே தள்ளில் கிடைக்கின்றன. டி ரோலுக்கு வேண்டிய டி, இ, சி ஷார்ப் மூன்றும் இழுப்பில். துருத்தி திரும்பவே வேண்டாம். ரீல் என்ற துரித நடன மெட்டின் வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ ஏழு ஸ்வரம் ஓடும்போது, இது பெரிய வரம். ஏ ரோலில்தான் உதைக்கும்: ஏ இழுப்பு, ஜி தள்ளு. அதனால் பலர் ஜி-க்குப் பதில் வெளி வரிசையில் இழுப்பில் கிடைக்கும் ஜி ஷார்ப்பைத் தட்டிவிடுவார்கள். அந்த வேகத்தில் காது கண்டுகொள்வதில்லை.

கால்வேக்காரரான ஜோ கூலி (1924–1973) வாசித்த டி/டி ஷார்ப் பெட்டியில் டி வரிசையிலேயே மெட்டு முழுக்கக் கிடைக்கும். ஆனால் கிட்டத்தட்ட ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் துருத்தி திரும்பும். அந்தத் துள்ளல்தான் அவர் பாணியின் உயிர். நடனத்துக்கு வாசிக்க இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பேன்.

பெட்டி கெட்டாலும் திசைதான் துப்புக் கொடுக்கும். ஒரு பொத்தான் இழுப்பில் ஒலித்துத் தள்ளில் ஊமையானால், அந்த ஒரு ரீடில் தூசி மாட்டியிருக்கும். மெல்லிய தாளை ரீடுக்கும் தகட்டுக்கும் இடையே விட்டு எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். கத்தியால் சுரண்டக் கூடாது: நுனியில் உலோகம் போனால் சுருதி ஏறும், அடியில் போனால் இறங்கும். இரண்டு திசையும் ஊமையென்றால் ரீடைத் தொடவே வேண்டாம். பொத்தானோடு இணைந்த மூடி தூக்குகிறதா என்று முதலில் பாருங்கள்.