நாயின் சிறுநீருக்கு மனிதர்களின் ஸ்ட்ரிப்: எந்தக் கட்டத்தை நம்பலாம்?

மெடிக்கல் ஷாப்பில் சிறுநீர் ஸ்ட்ரிப் (சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும் கட்டங்கள் உள்ள பட்டை) வாங்கி, வீட்டிலேயே நாய்க்குப் பார்த்துவிட்டுப் படம் அனுப்புகிறவர்கள் இப்போது நிறைய. "வெள்ளை அணு கட்டம் நிறம் மாறவில்லை டாக்டர், அப்போ இன்ஃபெக்‌ஷன் இல்லைதானே?" என்று கேட்கிறார்கள்.

அப்படி முடிவு செய்யக் கூடாது. அந்தக் கட்டம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியைத் தேடுகிறது. நாயின் சிறுநீரில் சீழ் அணுக்கள் இருந்தும் அது பல நேரம் நிறம் மாறாது. பூனைக்கு நேரெதிர்: அணுக்களே இல்லாமலும் மாறும். பாக்டீரியாவைக் காட்ட வேண்டிய நைட்ரைட் கட்டமும் நாய்க்கு இப்படித்தான் கோட்டைவிடும். மைக்ரோஸ்கோப்பில் வண்டலைப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்ப வேண்டும். வேறு வழியில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை அடர்த்திக் கட்டம். தண்ணீரின் அடர்த்தி 1.000 என்றால், ஸ்ட்ரிப்பில் அளவு 1.030-லேயே முடிந்துவிடுகிறது. நல்ல ஆரோக்கியமான நாய்க்கே 1.040-க்கு மேல் போகும். சிறுநீரகம் பழுதாகும்போது சிறுநீர் நீர்த்துப்போவது முக்கியமான அறிகுறி. அதை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற அடர்த்தி அளக்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால்தான் சரியாகத் தெரியும். புரதக் கட்டத்துக்கும் இந்த எண் வேண்டும். 1.045 உள்ள சிறுநீரில் புரதம் ஒரு பிளஸ் என்றால் நான் அவ்வளவாகப் பதறமாட்டேன். 1.010-ல் அதே ஒரு பிளஸ் வந்தால், புரதம்–கிரியாட்டினின் விகிதம் (சிறுநீர் எவ்வளவு நீர்த்திருந்தாலும் புரத இழப்பைக் காட்டும் லேப் சோதனை) பார்க்கச் சொல்வேன். அது தொடர்ந்து 0.5-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தைக் கவனித்தே ஆக வேண்டும்.

சர்க்கரைக் கட்டம் நாய்க்கும் நன்றாகவே உதவும். ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180–220 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். சர்க்கரையோடு கீட்டோனும் (உடல் கொழுப்பை எரிக்கும்போது வருவது) தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், காலைவரை காத்திருக்க வேண்டாம். பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) லேசாகத் தெரிவது அடர்த்தியான சிறுநீருள்ள ஆண் நாய்க்கு இயல்புதான். பூனைக்கு அப்படியில்லை, துளி தெரிந்தாலும் காரணம் தேட வேண்டும்.

ரத்தக் கட்டம் மாறினால் கல், புண் என்று மட்டும் நினைக்காதீர்கள். உண்ணிக் காய்ச்சலில், குறிப்பாக பபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணியால் வருவதில், சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் இறங்கினாலும் அதே நிறம்தான் வரும். காபி நிறச் சிறுநீரும் வெளுத்த ஈறும் சேர்ந்து வந்தால் அவசரம்.

அப்புறம், தரையில் கிடப்பதை எடுத்துச் சோதிக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் பட்டிருந்தால் ரத்தம், சர்க்கரை இரண்டுமே இருப்பதாகப் பொய்யாகக் காட்டும். காலையில் நாய் சிறுநீர் போகும்போது, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான கரண்டியில் பிடித்து, அரை மணி நேரத்துக்குள் பாருங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்துக் கொண்டுவாருங்கள், குளிர் போனபிறகு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.