கவசத்துக்குப் பின்னால் என்ன வருகிறது?

பள்ளிகளுக்குப் பேசப் போனால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "விண்கலத்தைச் சுற்றி ஈயத் தகடு அடித்துவிட்டால் கதிர்வீச்சு நின்றுவிடாதா?" எக்ஸ்ரே அறையில் ஈயத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் விண்வெளிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் பெரும்பகுதி புரோட்டான்கள். இரும்பு போன்ற கனமான அணுக்கருக்கள் எல்லாம் சேர்ந்தே சுமார் 1 சதவீதம்தான். ஆனால் ஒரு துகள் உடலில் இறக்கிவிடும் ஆற்றல் அதன் மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரும்புக்கு மின்னூட்டம் 26. அப்படியென்றால் அதே வேகத்தில் போகும் புரோட்டானைவிட 676 மடங்கு!

இந்தக் கரு கவசத்தில் மோதினால் தானும் உடையும், கவசத்தின் அணுக்கருவையும் உடைக்கும். ஈயக் கரு ஒவ்வொன்றிலும் 120க்கு மேல் நியூட்ரான்கள் இருக்கின்றன. அவை தெறித்து உள்ளே வரும். மின்னூட்டம் இல்லாததால் லேசில் நிற்காது. ஹைட்ரஜன் கருவிலோ தெறிக்க நியூட்ரானே கிடையாது. அதனால்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வீரர்கள் தூங்கும் அறைகளில் ஹைட்ரஜன் நிறைந்த பாலிஎத்திலீன் பலகை வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட நம் பிளாஸ்டிக் குடத்தின் சாதிதான் அது.

சரி, எவ்வளவு தெறிக்கிறது என்று எப்படித் தெரியும்? அளந்துதான் பார்க்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை. அமெரிக்காவின் ப்ரூக்ஹேவனில் 2003 முதல் இதற்கென்றே நாசாவின் கூடம் ஒன்று இயங்குகிறது. ஜப்பானின் சிபாவிலும் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டிலும் கன அயனி பீம்கள், அதாவது கனமான கருக்களை வேகமூட்டி அனுப்பும் கற்றைகள், உண்டு.

கவசத்துக்குப் பதிலாக வைத்த அலுமினியக் கட்டியில் பீம் மோதிய நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கும். 5 மீட்டர் தள்ளி, துகள் பட்டால் ஒளிரும் திரவ சிண்டிலேட்டர் டிடெக்டராக நிற்கும். காமா கதிர் 17 நானோ நொடியில் வந்துவிடும், 10 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரானுக்கு 115 ஆகும். இந்தத் தாமதத்தை வைத்து ஆற்றலைக் கணக்கிடுகிறோம். முன்னால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் காவல் நிற்கும். அதிலும் ஒளி வந்தால் வந்தது மின்னூட்டமுள்ள துகள், அதைத் தனியே பிரித்துவிடுவோம்.

தொல்லை தருவது கான்கிரீட் சுவர். அதில் பட்டுத் திரும்பும் நியூட்ரான்களும் டிடெக்டருக்குள் நுழைந்துவிடும். அவற்றைக் கழிக்க, கட்டிக்கும் டிடெக்டருக்கும் நடுவே கனமான இரும்புத் தண்டு ஒன்றை வைத்து, நேராக வருவதை மறைத்து இன்னொரு முறை அளப்போம். ஒரு இரவு ஷிஃப்டில் குறைந்த ஆற்றல் பக்கம் எண்ணிக்கை கழித்த பிறகும் சரிவரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் தண்டு 2 சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது. நேராக வந்ததையும் சுவர்க் கணக்கில் சேர்த்துக் கழித்துக்கொண்டிருந்தோம். ஆறு மணி நேர அளவீட்டை அப்படியே ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கினோம்.

அப்படி ஒதுக்கத்தான் வேண்டும். செவ்வாய்க்குப் போன நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி வழியில் அளந்தது நாளொன்றுக்கு சுமார் 1.8 மில்லி சீவர்ட் (கதிர்வீச்சு உடலுக்குச் செய்யும் பாதிப்பின் அலகு). போக வர 360 நாள் என்றால் பயணத்துக்கு மட்டுமே 650 பக்கம் வருகிறது. நாசா ஒரு வீரருக்கு வாழ்நாள் முழுக்க அனுமதிப்பது 600. இந்த நெருக்கடியில் கவசத்தை வடிவமைப்பவர்கள் நம்பியிருப்பது கணினி நிரல்களை. அந்த நிரல்களைச் சரிபார்க்க எங்களுடையது போன்ற அளவீடுகள் வேண்டும். பீமுக்கு நேர் எதிரே ஓரளவு தரவு சேர்ந்திருக்கிறது. பக்கவாட்டுக் கோணங்களில் இன்னும் குறைவு. அடுத்த ஷிஃப்டில் டிடெக்டரை 80 டிகிரியில் வைக்கப் போகிறோம்.